குருத்தோலையும் பழந்துணியும்

மணிமேகலைக் காப்பியம் ஒரு விழா அறிவிப்போடு தொடங்குகிறது. புகார் நகரில் 28 நாள் நடைபெறும் இந்திர விழாவுக்காக, யானையின் பிடரியில் முரசை ஏற்றி அறைவோன் நகரத்தாருக்குச் சொல்லும் செய்தியில் பெரும்பகுதி அலங்காரத்தைப் பற்றியது. தோரணம் கட்டுங்கள், பூரண கும்பம் வையுங்கள், பாவை விளக்கு ஏற்றுங்கள், குலையோடு கமுகும் வாழையும் கரும்பும் நடுங்கள் என்று அவன் சொல்லிக்கொண்டே போகிறான். பொன் தூண்களில் முத்து மாலைகளைத் தொங்கவிடவும் சொல்கிறான். இடையே மிக எளிய ஒரு கட்டளையும் வருகிறது: பழைய மணலை அகற்றிவிட்டுப் புது மணல் பரப்ப வேண்டும்.

முத்து மாலை மாளிகைக்காரர் செய்தி. மணலும் வாழையும் எல்லார் வீட்டுக்கும் உரியவை. இல்லக் கைவினையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்த மணலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அரசர் கொடுத்த நிவந்தத்துக்குக் கல்வெட்டு உண்டு. கோயில் விளக்குக்கு எத்தனை ஆடு விடப்பட்டது என்பதற்கும் கல்வெட்டு உண்டு. வீட்டு வாசலில் கட்டிய ஓலைத் தோரணத்துக்கு யாரும் கல்வெட்டு வெட்டவில்லை. அது மூன்றாம் நாள் காய்ந்து அடுப்புக்குப் போயிற்று. ஆகவே இவ்வரலாற்றை அறிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அந்தந்தக் காலத்தில் ஒரு வீட்டில் எது மிஞ்சியது, எது கழிக்கப்பட்டது என்று கேட்டுப் பார்ப்பது. மிஞ்சியதைக் கொண்டே வீட்டார் கைவினை செய்தனர்.

முதலில் ஓலை. பனையும் தென்னையும் நிறைந்த நாட்டில் ஓலைக்குப் பஞ்சமில்லை. முற்றிய ஓலை கூரைக்கும் தடுக்குக்கும் பெட்டிக்கும் போயிற்று. விழாவுக்கு வேண்டியது வெளிர்மஞ்சள் நிறமுள்ள குருத்தோலை. அதன் ஈர்க்கை நீக்கிவிட்டால் எப்படி மடித்தாலும் முறியாது. கிளி, பாம்பு, குருவி, மணி என்று பல உருவங்களை மடித்துக் கயிற்றில் கோத்து வாயிலில் கட்டுவார்கள். கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல் செய்யும் வேலை இது. மடிப்பே முடிச்சாகவும் அமையும். கிறித்தவ அன்பர்கள் குருத்தோலை ஞாயிறன்று சிலுவை மடிப்பதும் இதே கைத்திறன்தான். சமயம் எதுவாயினும் ஓலை ஒன்றே.

ஓலையைவிட நீண்ட கதை துணிக்கு உண்டு. கையால் நூற்றுக் கையால் நெய்த காலத்தில் துணி விலையுயர்ந்த பொருள். முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் வரும் பொருநனின் உடை, வேர்வையில் நனைந்து, வேற்று நூல் நுழைத்துத் தைத்த கந்தல். ஒட்டுத் தையலுக்குத் 'துன்னல்' என்றும் கந்தைக்குச் 'சிதார்' என்றும் தமிழில் தனிச் சொற்கள் இருந்தமையே, கிழிந்த துணி எளிதில் குப்பைக்குப் போகவில்லை என்பதற்குச் சான்று.

எங்கள் வீட்டில் ஒரு வேட்டியின் வாழ்நாளை நானே கண்டிருக்கிறேன். வந்தவாசி வட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. தாத்தா உடுத்திக் கிழிந்த வேட்டி முதலில் இரண்டு துண்டாகும். பிறகு தலையணை உறையாகும். அதுவும் நைந்தால் சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணியாகும். நல்ல பகுதி ஏதேனும் எஞ்சியிருந்தால் பாட்டியார் அதைத் தனியே கிழித்து எடுத்து வைப்பார். அது இரண்டு காரியங்களுக்கு உரியது. ஒன்று மாக்கோலம். ஊறவைத்த பச்சரிசியை அரைத்துக் கரைத்த மாவில் துணித்துண்டை நனைத்து, உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் மோதிர விரல் வழியே மாவு இழையாக இறங்கும். புதுத்துணி இதற்கு ஆகாது. கஞ்சி முழுதும் போய் மெத்தென்றான பழந்துணிதான் மாவை ஏந்திக்கொண்டு சிறிது சிறிதாக விடும். சிக்கனம் என்று நாம் எண்ணுவது பல நேரங்களில் பொருளறிவு.

மற்றொன்று திரி. ஐப்பசி அமாவாசை வைகறையில் வர்த்தமான பகவான் பாவாபுரியில் வீடுபேறு எய்தியதை நினைந்து விளக்கேற்றுவது நம் மரபு. இவ்விளக்கு வரிசையைப் பற்றிய பழஞ்சான்றுகளில் ஒன்று, சக ஆண்டு 705இல், அதாவது பொது ஆண்டு 783இல், ஜினசேனர் வடமொழியில் இயற்றிய அரிவம்ச புராணத்தில் உள்ளது. (ஆதிபுராணம் இயற்றிய ஜினசேனர் வேறு, மலர்களில் எழுதும் அன்பர்கள் அடிக்கடி இருவரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள்.) அந்நூல் சொல்வது விளக்கை. திரியை யார் திரித்தார், எந்தத் துணியில் திரித்தார் என்று எந்நூலும் சொல்லவில்லை. பாட்டியார் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டித் திரித்தபோது, தாத்தா உயிரோடு இல்லாத ஆண்டிலும் அவருடைய வேட்டி எரிந்துகொண்டிருந்தது.

காகிதக்கூழ்ப் பாத்திரங்களைப் பலரும் பழங்காலத்துக் கலை என்று எண்ணுகின்றனர். பழந்தாளை நாட்கணக்கில் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு உரலில் இடித்து, கவிழ்த்த பானைமேல் அப்பிக் காயவைத்து எடுக்கும் கூடைகளைத்தான் சொல்கிறேன். வெந்தயத்தின் பசை தாளைப் பிணைக்கும். கசப்பு பூச்சியைத் தடுக்கும். முறத்தின் இடுக்குகளை அடைக்கவும் இதே கூழை மெழுகுவர். அருமையான கலைதான். ஆனால் மிகப் பழையதாக இருக்க இயலாது. தாள் ஒரு வீட்டில் குப்பையாகும் அளவுக்கு மலிந்த பிறகே இது தோன்றியிருக்க முடியும். சுதேசமித்திரன் நாளிதழானது 1899இல். தினத்தந்தி தொடங்கியது 1942இல். பள்ளிக் குறிப்பேடும் செய்தித்தாளும் சிற்றூரை எட்டிய பின்னரே எங்கள் பக்கத்துப் பெண்டிர் கூழ் இடித்திருப்பர் என்பது என் துணிபு. கண்ணாடி வளையல் துண்டுகளை மெழுகுவர்த்திச் சுடரில் வளைத்துச் சங்கிலியாகக் கோத்துக் கதவில் தொங்கவிட்டது இன்னும் பிந்தியது. அதை என் தமக்கை செய்தார். விரல் சுட்டுக்கொண்டதும் அவரே.

இனி ஏட்டுக்கு வருகிறேன். ஓலைக் கைவினைகளுள் தலைசிறந்தது சுவடிதான். அதிலும் வீட்டுப் பொருள்களின் பங்கு உண்டு. எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் கரி பூச வேண்டும். விளக்குக் கரியையும் மஞ்சளையும் இலைச் சாறுகளையும் சேர்த்துப் பூசினர். பிள்ளைகளின் ஏட்டுக்கு இதையே மையாடல் என்று விழாவாகவும் செய்தனர். இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்து, துளையில் கயிறு கோத்து, வசம்பும் வேப்பிலையும் இட்டு, பழம்புடவைத் துணியில் சுற்றி வைப்பர். தரசேனரிடம் கற்ற புட்பதந்தரும் பூதபலியும் சட்கண்டாகமத்தை ஏட்டில் எழுதி நிறைவேற்றியதை நினைவுகூரும் சுருத பஞ்சமியன்று, எங்கள் வீட்டிலும் பரணிலிருந்து ஒரு சுவடிக் கட்டு இறங்கும். பாட்டியார் துணியை மாற்றுவார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

1971இல் நான் ஆறாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒவ்வொருவரும் ஓலைத் தோரணம் செய்து கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தனர். குருத்தோலை வெட்டித்தர அன்று ஆள் கிடைக்கவில்லை. பரண்மேல் ஓலை இருப்பது எனக்குத் தெரியும். ஒரே அளவாக நறுக்கி, ஈர்க்கு நீக்கிய ஓலை! மேலேயிருந்து எடுத்தால் தெரிந்துவிடும் என்று அடியிலிருந்து நான்கு ஏடுகளை உருவினேன். கிளி மடிக்க முயன்றபோது முதல் மடிப்பிலேயே ஏடு முறிந்தது. பச்சை ஓலை வேறு, நூறாண்டு உலர்ந்த ஓலை வேறு என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதை நீரில் நனைத்துப் பார்த்தேன். நான்கையும் முறித்த பிறகே நிறுத்தினேன்.

பாட்டியார் அடிக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. துணுக்குகளைத் தரையிலிருந்து பொறுக்கி, கோலத்துக்கு வைத்திருந்த வேட்டித் துண்டில் முடிந்து, கட்டோடு சேர்த்து வைத்துவிட்டார். அவர் பொறுக்குமுன் சில துணுக்குகள் பெருக்கிய குப்பையோடு போயிருந்தன.

முதுகலையில் தமிழ் படித்த பின்தான் அக்கட்டை அவிழ்த்துப் படித்தேன். அது மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு. நூலுக்குக் குறைவில்லை; நன்றாக அச்சாகி எங்கும் கிடைக்கிறது. நான் அழித்தது வேறொன்று. சுவடியின் இறுதியில்தான் படியெடுத்தவர் தம் பெயரையும் ஊரையும், எந்த ஆண்டு எந்த மாதம் எழுதி முடித்தார் என்பதையும் குறித்து வைப்பார். அடியிலிருந்து உருவினால் போவது அந்த ஏடுதான். எங்கள் முன்னோருள் எழுதத் தெரிந்தவர் யார், எப்போது வாழ்ந்தார் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சான்று அது.

இப்போது அக்கட்டு என்னிடம் உள்ளது. சென்ற சுருத பஞ்சமியன்று புதுத்துணி சுற்றினேன். வேட்டி முடிச்சை மட்டும் மாற்றவில்லை. உள்ளே இருக்கும் துணுக்குகளுள் மூன்றைப் படிக்க முடிகிறது. ஒன்றில் 'ப்பசி மாதம்' என்றும், மற்றொன்றில் 'எழுதி முடிந்தது' என்றும் உள்ளது. மூன்றாவது துணுக்கு 'நயினார் குமாரன்' என்ற இடத்தில் முறிந்திருக்கிறது. நயினாருக்கு முன்னுள்ள பெயரும் இல்லை. குமாரனுக்குப் பின்னுள்ள பெயரும் இல்லை.