வட்டுவாகல் பாலமும் மக்களின் வழியுரிமையும்

வன்னியின் ஆறுகள் மாரியில் மட்டுமே ஆறுகளாகத் தோன்றுவன. ஆண்டின் பெரும்பகுதி அவை மருத மர நிழலிற் கிடக்கும் மணற்படுகைகளே. ஐப்பசியில் மழை தொடங்கிக் குளங்கள் வான்பாயத் தலைப்பட்டதும் அப்படுகைகள் உயிர்பெறுகின்றன. நெத்தலியாறு, பிரமந்தனாறு, தேராவில் ஆறு என்பன வடக்கு நோக்கி ஓடிச் சுண்டிக்குளம் கடனீரேரியில் விழுகின்றன. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் நீளமான வீதியோ கிழக்கு நோக்கிச் செல்வது. நீர் ஒரு திசையிலும் மனிதர் மற்றொரு திசையிலும் செல்லும் நிலத்திலே பாலமும் மதகும் இன்றி வாழ்வு இல்லை. அவ்வீதியின் நடுப்பகுதியில் அமைந்த ஊர் விசுவமடு. அங்கு ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு, கார்த்திகை மாதத்து வருகைப் பதிவேடே எந்தப் பாலம் நீருள் மூழ்கியது என்பதைச் சொல்லிவிடும்.

இவ்வீதியின் கடைசிப் பெருந்தடை வட்டுவாகல். புதுக்குடியிருப்பையும் முள்ளிவாய்க்காலையும் தாண்டி, முல்லைத்தீவுப் பட்டினத்துக்குச் சற்று முன்பாக, நந்திக்கடல் பெருங்கடலோடு கலக்கும் முகத்துவாரம் அது. முத்துஐயன்கட்டுக் குளத்தின் நீரைக் கொணரும் பேராறு நந்திக்கடலில் வந்து சேர்கிறது. கோடையில் அலைகள் மணலை ஒதுக்கி முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரியில் நீர் பெருகியதும் மணல்மேடு உடைகிறது, அல்லது மக்கள் அதனை வெட்டிவிடுகின்றனர். இங்கே தலைமுறைகளாக நின்ற பழைய பாலம் ஒரு வாகனம் மட்டுமே செல்லத்தக்க அகலமுடையது. நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்தது. பெருமழையில் நீர் அதன்மேலே பாயும். அப்போது மாவட்டச் செயலகத்துக்கோ மருத்துவமனைக்கோ செல்லும் புதுக்குடியிருப்பு, உடையார்கட்டு, விசுவமடு மக்கள், நந்திக்கடலைச் சுற்றிக் கேப்பாப்பிலவு, வற்றாப்பளை, முள்ளியவளை வழியாகவே செல்லவேண்டும். அந்த வழியும் போருக்குப் பின்னர் பல்லாண்டு காலம் படைமுகாமின் நிழலிலேயே இருந்தது.

ஒரு பாலம் ஏன் இவ்வளவு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது? பொறியியலாளரை மட்டும் கேட்டு இதற்கு விடை காண முடியாது. வரலாற்றையும் கேட்கவேண்டும்.

பண்டைய வன்னியில் குளக்கட்டே பாதையாக இருந்தது. கட்டின்மேல் வண்டி சென்றது. ஆற்றைத் துறையில் இறங்கிக் கடந்தனர். அக்கட்டுகளைப் பேணிய உழைப்பு ஊருக்குரியது. அதன் பயனும் பெரும்பாலும் ஊருக்கே கிடைத்தது. அந்தச் சமுதாயத்தில் சாதியும் ஏற்றத்தாழ்வும் இருக்கவில்லை என்று கற்பனை செய்யவேண்டியதில்லை. உழைத்தவனுக்கும் வழிக்கும் இடையே கண்ணுக்குத் தெரிந்த உறவு ஒன்று இருந்தது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அந்நிய ஆட்சி அவ்வுறவை மாற்றியது. சிங்களப் பகுதிகளில் இராசகாரியம் எனவும் தமிழ்ப் பகுதிகளில் ஊழியம் எனவும் வழங்கிய கட்டாய உழைப்பைத் தொடக்கத்தில் பிரித்தானியரும் பயன்படுத்தினர். இராசகாரியம் 1832ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் சென்றதும் அது வேறு வடிவத்தில் திரும்பிவந்தது. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையான ஆண்கள் ஆண்டுதோறும் ஆறு நாட்கள் வீதிகளில் உழைக்கவேண்டும், அல்லது மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என விதித்தது. கோப்பித் தோட்டத் துரைமாரின் சரக்கு இறங்குவதற்கு வேண்டிய வீதியை, கோப்பிச் செடியையே தொட்டிராத விவசாயி தன் முதுகால் அமைக்கவேண்டியிருந்தது. அதே ஆண்டில் மாத்தளையிலும் குருநாகலிலும் எழுந்த கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணம். ஆட்சி இராணுவச் சட்டத்தாலும் துப்பாக்கியாலும் அதற்கு விடையளித்தது.

கண்டிச் சீமையில் பாலங்கள் விரைந்து எழுந்தன. 1833ஆம் ஆண்டளவில் பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே முதிரை மரத்தால் ஒரே வளைவில் அமைக்கப்பட்ட பாலம், அக்காலத்தவர் வியந்து பேசிய ஒன்று. முதிரை வன்னிக் காட்டிலும் செழித்து வளரும் மரம். ஆயினும் வன்னி ஆறுகளுக்கு அத்தகைய பாலம் கிடைக்கவில்லை. இங்கே கோப்பி இல்லை; ஏற்றுமதிக்குரிய சரக்கு இல்லை; உடைந்த குளங்களும் மலேரியாக் காய்ச்சலும் குறைந்துவரும் குடிகளுமே இருந்தன. ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான கைநூல் ஒன்றை எழுதினார். வன்னியைப் பற்றி எழுதுவதற்கு ஆட்சிக்கு ஆட்கள் இருந்தனர். வன்னிக்குப் பாலம் கட்டுவதற்கு அவசியம் இருக்கவில்லை. பாலம் எங்கே எழும் என்பதை ஆற்றின் அகலம் தீர்மானிப்பதில்லை. இலாபத்தின் போக்கே தீர்மானிக்கிறது என்ற உண்மையைப் பேராதனையையும் வட்டுவாகலையும் அருகருகே வைத்து நோக்குவார் எளிதில் உணர்வர்.

சுதந்திரத்தின் பின்னர் வன்னியின் தோற்றம் மாறியது. குடியேற்றத் திட்டங்கள் காட்டை வயலாக்கின. நிலமற்ற படித்த இளைஞர்களுக்கெனத் தொடங்கப்பட்ட திட்டங்களில் விசுவமடுவும் முத்துஐயன்கட்டும் பெயர் பெற்றன. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில், விசுவமடுவின் செத்தல் மிளகாய் தென்னிலங்கைச் சந்தை வரை சென்றது. வேலையற்றவன் என இகழப்பட்ட இளைஞன் இங்கு நிலத்தைக் கொத்தித் தலைநிமிர்ந்தான். இனக்கலவரங்களால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் தருமபுரம் முதலான இடங்களில் வந்து குடியேறின. பிறர் காணிகளில் கூலிகளாக உழைத்தும் காடு வெட்டியும் இம்மண்ணை விளையச் செய்தன. 1977இன் பின்னர் இறக்குமதிக்குக் கதவு திறந்தபோது மிளகாயின் விலை வீழ்ந்தது. உழவனின் நிமிர்வும் தளர்ந்தது. வீதியும் பாலமும் அக்காலத்திலும் பழைய நிலையிலேயே இருந்தன. விளைந்த காலத்தில் மூட்டைகளைச் சுமந்த பாலத்தைத் திருத்துவதற்கு அந்த விளைவிலிருந்து ஒரு பங்கும் ஒதுக்கப்படவில்லை.

பின்னர் வந்தது போர். 2009 ஜனவரியில் கல்மடுக்குளத்தின் கட்டு உடைக்கப்பட்டது; வயல்களினூடே வெள்ளம் பாய்ந்தது. அம்மாத இறுதியில் விசுவமடு படையினர் வசமாயிற்று. மக்கள் அதே வீதி வழியே கிழக்கு நோக்கி நகர்ந்தனர்: உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, இறுதியில் முள்ளிவாய்க்கால். முன்னால் கடல், பக்கத்தில் நந்திக்கடல், எஞ்சிய வழி வட்டுவாகல். மே மாத நடுப்பகுதியில் பல்லாயிரவர் அந்த ஒடுங்கிய பாலத்தின்மேல் நடந்தனர். காயப்பட்டோரைத் தோளில் சுமந்தவர்களும், சுமக்க இயலாது விட்டுவந்தவர்களும் நடந்தனர். அங்கே கையளித்த தம் உறவினரை அதன்பின் காணவில்லை என்று சொல்லும் தாய்மார் இன்றும் எம்மிடையே இருக்கின்றனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் அதனைத் தொடர்ந்து முல்லைத்தீவிலும் அவர்கள் தொடங்கிய போராட்டம் கேட்கும் கேள்வி ஒன்றே: எம் பிள்ளைகள் எங்கே?

போர் முடிந்தபின் அரசினால் பாலம் கட்ட முடியாதிருந்தது என்று கூற இயலாது. பூநகரியை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியிலேயே திறக்கப்பட்டது; யுத்தம் ஓய்ந்து இரண்டு ஆண்டுகளும் நிறைவுறவில்லை. அப்பாலம் மக்களுக்கும் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வட்டுவாகல் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தது. புதிய பாலத்துக்கான பணி 2025 செப்டம்பரில்தான் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி, அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்து, நாடெங்கும் வீதிகளையும் பாலங்களையும் சிதைத்தது. தாமதம் என்பது ஏட்டில் எழுதும் சொல்லன்று, அது வெள்ளத்தில் அளக்கப்படும் பொருள் என்பதை அந்த மழை மீண்டும் கற்பித்தது.

புதிய பாலம் எழுவதில் எமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அதனோடு எம் கேள்வி முடிந்துவிடவில்லை. பாலம் மனிதரை மறுகரையில் சேர்க்கிறது, அக்கரை யாருடையது? போரின் பின்னர் வட்டுவாகலில் அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கடற்படை முகாமுக்குள் அகப்பட்டது. காணியளக்க வந்த போதெல்லாம் உரிமையாளர் திரண்டு தடுத்தனர். 2017ஆம் ஆண்டில் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளும் கண்டல் மரங்களும் காக்கப்படவேண்டியவையே. எனினும் காலங்காலமாக அந்நீரில் இறால் பிடித்து வாழ்ந்தவனை அழைத்துப் பேசாமல் வரையும் எல்லைக்கோடு, இயற்கையைக் காப்பதற்கு முன் வறியவனை அயலவனாக்கிவிடுகிறது. பாலத்தின் மேல் விரைந்து செல்லும் உரிமை மட்டும் எஞ்சி, கீழே இறங்கும் உரிமை பறிபோகுமாயின் அதனை வழியுரிமை என்று எவ்வாறு சொல்வது?

கரையில் இறங்குவதும் நிற்பதும் காற்று வாங்குவதும் வசதியுள்ளவரின் பொழுதுபோக்கு என எண்ணுவோர் உளர். அது தவறு. வைகாசி விசாகத்தில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குத் திரளும் மக்களைப் பாருங்கள். நந்திக்கடற் கரைமணலே அவர்களுக்கு மண்டபமும் மைதானமும் ஆகிறது. மாலையில் பாலத்தில் அமர்ந்து தூண்டில் போடும் சிறுவனுக்கும், பகல் முழுதும் வயலில் நின்றுவிட்டு உப்புக்காற்றுக்கு ஏங்கும் கூலிப்பெண்ணுக்கும் வேறு பூங்கா எங்கே இருக்கிறது? ஓய்வு உழைப்பின் மறுபாதி. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளர், எட்டு மணி நேர ஓய்வையும் சேர்த்தே கேட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இத்தகைய நிலை எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பொஸ்னியாவின் மொஸ்தார் நகரில் நெரெத்வா நதிமேல் 1566ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற கற்பாலத்தை 1993 நவம்பரில் பீரங்கிகள் வீழ்த்தின. அதனை மீளக் கட்டியவர்கள் பழைய முறைகளை ஆராய்ந்து, உள்ளூர்க் கல்லையே பயன்படுத்தி, 2004 ஜூலையில் பணியை நிறைவேற்றினர். அப்பாலத்தின் உச்சியிலிருந்து ஆற்றில் குதிப்பது அந்நகர இளைஞரின் பழைய வழக்கம்; பாலம் மீண்டதும் அவ்வழக்கமும் மீண்டது. பாலத்தால் மட்டும் அங்கு இனப்பகை தீர்ந்துவிடவில்லை. ஆயினும் இறந்தோரின் நினைவும் இளைஞரின் விளையாட்டும் ஒரே கல்லின்மேல் சேர்ந்து வாழ முடியும் என்பதை அது காட்டுகிறது.

ஆகவே வட்டுவாகல் பற்றி நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை. முகத்துவாரம் எப்போது உடையும், நீர் எப்பக்கம் அரிக்கும் என்பதை அறிந்த மீனவரின் அறிவு, பொறியியலாளரின் கணக்கோடு சேரவேண்டும். நீர்செல்லும் இடைவெளிகள் போதாதவிடத்து வெள்ளம் தேங்கி ஊரை அழிக்கும். தூண்களின் அடியையும் அரிக்கும். புதிய பாலத்தில் கால்நடையாகவும் சைக்கிளிலும் செல்வோருக்குப் பாதுகாப்பான தனிப்பாதை வேண்டும். கரைக்கு இறங்கப் படிகள் வேண்டும். செலவுக்கணக்கு மக்கள் வாசிக்கத்தக்க மொழியில் அறிவிக்கப்படவேண்டும். அது அவர்கள் செலுத்திய வரிப்பணம்.

இன்னும் ஒன்று. புதியது எழுந்தவுடன் பழையதைப் பெயர்த்தெறிதல் ஒப்பந்தக்காரருக்கு எளிது. பழைய பாலத்தில் எஞ்சியிருப்பதை, ஒரு சிறு பகுதியாயினும், வலுப்படுத்திப் பேணவேண்டும். வாகனங்கள் அதன்மேல் செல்லவேண்டியதில்லை. தூண்டிற்காரரும், மாலையில் உலாவ வருவோரும், மே மாதத்தில் பூவுடன் வருவோரும் அதன்மேல் நிற்கட்டும். அனுமதிச் சீட்டும் காவலரணும் அங்கு வேண்டா.

என் வகுப்பில் இன்று அமர்ந்திருக்கும் மாணவர் 2009க்குப் பின்னர் பிறந்தவர்கள். அவர்களின் பெற்றோர் அப்பாலத்தை ஒருமுறை கடந்தனர். எங்கே செல்கிறோம் என்று அறியாமல் கடந்தனர். பிள்ளைகள் அதனை வேறுவிதமாகக் கடக்கவேண்டும்: புத்தகப் பையோடும், வலையோடும், சிலவேளை எந்த வேலையும் இன்றி வெறுமனே நீரைப் பார்ப்பதற்காகவும். அவ்வாறு அவர்கள் அஞ்சாமல் நடுப்பாலத்தில் நின்று திரும்பி வரும் நாளில்தான் வட்டுவாகல் பாலம் திருத்தப்பட்டது என நாம் எழுதலாம்.