குவாட்சுக் கலமும் காணா ஒளியும்

ஆய்வுகூடத்தில் வழங்கும் கலங்கள் பல. அவற்றுள் மிகச் சிறியதும் பார்வைக்கு மிக எளியதுமான ஒன்று, சுண்டு விரல் அளவே உடைய ஒரு சதுரக் குழாயாகும். எதிரெதிரான இரு முகங்கள் தெளிவாயிருக்கும்; மற்றை இரண்டும் பெரும்பாலும் மங்கலாக்கப்பட்டிருக்கும். தெளிந்த முகங்களுக்கிடையே உள்ள இடைவெளி வழக்கமாக 10 மில்லிமீற்றர். சிறு தொட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் அதனைக் 'கியூவெற்' என்று அழைப்பர். ஒளி ஒரு கரைசலினூடாகச் செல்லும்போது எவ்வளவு உறிஞ்சப்படுகின்றது என்பதை அளக்கும் நிறமாலை ஒளிமானி என்னும் கருவியிலே, கரைசலை ஏந்தி நிற்பது இக்கலமே.

கண்ணாடியாற் செய்த கலம் ஒன்றையும் குவாட்சினாற் செய்த கலம் ஒன்றையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு வேற்றுமை தோன்றாது. ஆனால் விலையிலோ பன்மடங்கு வேற்றுமை உண்டு. அவ்விலையை எப்பொழுது கொடுத்தல் தகும், எப்பொழுது கொடுத்தல் வீண் செலவாகும் என்பது, பணம் குறைந்த ஆய்வுகூடங்கள் அனைத்தையும் எதிர்நோக்கும் வினா. அதற்கு விடை கூறுவது, ஒளியைப் பற்றி மனிதன் அறிந்துகொண்ட வரலாறேயாகும்.

தேநீர் அருந்துவோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றிலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்கலாம். ஒரே தேநீர் கரண்டியில் இருக்கும்போது வெளிர் நிறமாகவும், ஆழமான பாத்திரத்தில் இருக்கும்போது கரிய நிறமாகவும் தோன்றுகின்றது. ஒளி கடக்கவேண்டிய தூரம் கூடினால், வெளியே வரும் ஒளி குறைகின்றது. இக்குறைவு ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது என்பதைப் பூகே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1729ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிற் காட்டினார். 1760இல் லம்பேட் என்பவர் அதனைக் கணித வடிவில் அமைத்தார். பின்னர் 1852இல் ஜேர்மானியரான ஓகஸ்ற் பியர், நிறமுடைய கரைசல்களை ஆராய்ந்து, தூரத்தைப் போலவே கரைசலின் செறிவும் ஒளியைக் குறைக்கின்றது என்று நிறுவினார். தூரம் தெரிந்தால், குறைந்த ஒளியை அளந்து, கரைந்துள்ள பொருளின் அளவைக் கணக்கிடலாம். கலத்தின் அகலம் ஏன் அவ்வளவு திருத்தமாக இருத்தல் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. 10 மில்லிமீற்றர் இருக்கவேண்டிய இடைவெளியில் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு பிழைத்தால், விடையில் நூற்றுக்கு ஒன்று பிழைத்துவிடும்.

ஆயினும் இவ்வளவும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பற்றிய செய்தி. கண்ணுக்குப் புலனாகாத ஒளியும் உண்டென்பது வேறொரு வழியாக வெளிப்பட்டது. 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹேர்ஷல், நிறமாலையின் சிவப்பு நிறத்துக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, அங்கும் வெப்பந்தரும் கதிர்கள் உள்ளன என்று கண்டார். அடுத்த ஆண்டு ஜேர்மனியில் றிற்றர் என்பவர் மறுமுனையை ஆராய்ந்தார். ஒளிபட்டாற் கறுக்கும் வெள்ளிக் குளோரைட்டை அவர் நிறமாலையில் வைத்தபோது, ஊதா நிறத்துக்கு அப்பால், ஒளியே இல்லை எனத் தோன்றிய இடத்தில், அது விரைவாகக் கறுத்தது. ஊதாக் கடந்த கதிர்களின் கண்டுபிடிப்பு அதுவாகும்.

அக்கதிர்களைத் தொடர்ந்து ஆராய முயன்றோருக்குக் கண்ணாடியே தடையாயிற்று. பியர் தமது கரைசல் ஆராய்ச்சியை வெளியிட்ட அதே 1852ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் பேராசிரியரான ஸ்டோக்ஸ் வேறொரு பெருங் கட்டுரையை வெளியிட்டார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவின் கரைசல் சூரிய ஒளியில் நீல நிறமாக மிளிர்வதன் காரணத்தை அவர் ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலனாகாத கதிர்களை அக்கரைசல் உண்டு, புலனாகும் ஒளியாக உமிழ்கின்றது என்பது அவர் கண்ட முடிவு. அவ்வாராய்ச்சியின்போது சாதாரணக் கண்ணாடி அக்கதிர்களிற் பெரும் பகுதியை மறித்துவிடுவதையும், குவாட்சு அவற்றுக்கு வழி விடுவதையும் அவர் உணர்ந்தார். அன்றுமுதல் ஊதாக் கடந்த ஒளியை ஆராய்வோருக்குக் குவாட்சு இன்றியமையாததாயிற்று.

கண்ணாடியும் குவாட்சும் உறவினரே. மணலின் முதன்மைப் பொருளாகிய சிலிக்காவே இரண்டுக்கும் அடிப்படை. ஆனால் கண்ணாடி எளிதில் உருகும்பொருட்டு அதனுடன் சோடாவும் சுண்ணாம்பும் சேர்க்கின்றனர். மணலில் உள்ள இரும்பும் சிறிதளவு கூடவே வந்துவிடுகின்றது. இவ்வாறு சேர்ந்த பொருள்களே ஊதாக் கடந்த கதிர்களை உறிஞ்சிக்கொள்வன. குவாட்சு தூய சிலிக்காவாதலின் அக்குறை அதற்கில்லை. ஆனால் தூய்மைக்கும் ஒரு விலை உண்டு. சிலிக்கா உருக ஏறத்தாழ 1,700 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். உருகிய பின்பும் அது தேனைவிடத் தடித்து நிற்கும். உள்ளே அகப்பட்ட காற்றுக் குமிழிகள் எளிதில் வெளியேறா. ஆகவே நெடுங்காலம், பூமியிலிருந்து எடுத்த பளிங்குக் கற்களை வெட்டித் தேய்த்தே அரியங்களும் வில்லைகளும் செய்யப்பட்டன.

1899ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹனாவ் நகரில், ஹெரேயஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சார்ட் கியூக் என்பவர், ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்தெரியும் சுவாலையிற் பளிங்கை உருக்கி, குமிழியற்ற தெளிந்த பொருளைப் பெற்றார். 1934இல் அமெரிக்காவின் கோர்ணிங் நிறுவனத்தில் பிராங்க்ளின் ஹைட் என்னும் இரசாயனவியலாளர் மற்றொரு வழியைக் கண்டார். சிலிக்கன் நாற்குளோரைட்டின் ஆவியைச் சுவாலையிற் செலுத்தி, பளிங்குக் கல்லே இன்றி, மிகத் தூய சிலிக்காவை அவர் உருவாக்கினார். இன்று குவாட்சுக் கலங்கள் என்ற பெயரில் விற்கப்படுவன இவ்விரு வகையையும் சேர்ந்தவை: இயற்கைப் பளிங்கை உருக்கிச் செய்தவை ஒன்று, செயற்கைச் சிலிக்காவாற் செய்தவை மற்றொன்று.

பொருள் கிடைத்தும் அதனைப் பயன்படுத்தும் வேலை எளிதாயிருக்கவில்லை. ஊதாக் கடந்த ஒளியை அளக்க ஒளிப்படத் தகடுகளைப் பதித்து, கழுவி, அவற்றின் கறுப்பை ஒப்பிடுதல் வேண்டியிருந்தது. மீனெண்ணெயில் விற்றமின் ஏ எவ்வளவு உள்ளது என்பதை அறிய, எலிகளுக்கு அதனை ஊட்டி அவற்றின் வளர்ச்சியை வாரக்கணக்காகக் கவனித்து வந்தனர். இந்நிலையை மாற்றியது கலிபோர்னியாவில் ஆர்னல்ட் பெக்மன் என்பவரின் நிறுவனம் 1941ஆம் ஆண்டு விற்பனைக்கு விட்ட 'டி.யூ.' என்னும் கருவி. குவாட்சு அரியமும் மின்னொளிக் குழலும் கொண்ட அக்கருவி, ஊதாக் கடந்த ஒளியின் அளவைச் சில நிமிடங்களில் ஊசியின் அசைவாற் காட்டிற்று. தொடக்கத்தில் அதன் விலை 723 டொலர். விற்றமின் ஏ உறிஞ்சும் ஒளி ஊதாவுக்குச் சற்று அப்பால் இருப்பதால், எலிகளின் வேலையைக் கருவி ஏற்றுக்கொண்டது. 1976 வரை ஏறத்தாழ 30,000 கருவிகள் விற்பனையாயின.

அதே போர்க்காலத்திற் பளிங்கு வேறொரு காரணத்தால் அரும்பொருளாயிற்று என்பதை வானொலி நேயர்கள் அறிந்துகொள்வது பொருத்தம். வானொலி அனுப்பிகளின் அதிர்வெண்ணை நிலைநிறுத்தும் மெல்லிய தகடுகளும் குவாட்சினால் ஆனவையே. அதற்கான நற்பளிங்கு பெரும்பாலும் பிரேசில் நாட்டிலிருந்து வந்தது.

போர் முடிந்தபின் குவாட்சின் வழியே பார்த்தவர்கள் உயிரின் அடிப்படையையே கண்டனர். டி.என்.ஏ. ஏறத்தாழ 260 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாக உறிஞ்சும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர்; கண்ணுக்குப் புலனாகும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 வரை. நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஏர்வின் சார்காப் என்பவர், டி.என்.ஏ.யின் நான்கு உறுப்புகளைத் தாளிற் பிரித்து, ஒவ்வொன்றின் அளவையும் ஊதாக் கடந்த ஒளியால் அறிந்தார். அடினைனும் தைமினும் சம அளவு, குவானைனும் சைற்றோசினும் சம அளவு என்னும் முடிவை 1950இல் அவர் வெளியிட்டார். மூன்றாண்டுகளின் பின் வாற்சனும் கிறிக்கும் இரட்டைச் சுருளின் அமைப்பைக் கூறியபோது, அச்சமன்பாடு அவர்களுக்குத் துணை நின்றது.

இவ்வரலாறு, கலத்தை வாங்குவோன் கேட்கவேண்டிய முதற் கேள்வியைத் தெளிவாக்குகின்றது. விலை என்ன என்பதன்று அக்கேள்வி; எந்த ஒளியில் அளக்கப்போகின்றோம் என்பதே. நிறமுள்ள கரைசல்களை, ஏறத்தாழ 350 நனோமீற்றருக்கு மேல், அளப்போருக்குக் கண்ணாடிக் கலமே போதும். நீர்க் கரைசலாயின் மலிவான பொலிஸ்ரைரீன் பிளாஸ்டிக் கலமும் போதும். நொதியங்களின் வேகத்தை 340 நனோமீற்றரில் அளக்கும் மருத்துவச் சோதனைகளிற் பல பிளாஸ்டிக் கலத்திலேயே நடைபெறுகின்றன. ஏறத்தாழ 230 நனோமீற்றர் வரை ஒளியை விடும் தனிவகைப் பிளாஸ்டிக்குகளும் இப்பொழுது உள்ளன. நீரிற் கரைந்த டி.என்.ஏ.யையும் புரதத்தையும் அளக்க அவை உதவும். ஆனால் சேதனக் கரைப்பான்கள் பலவற்றை அவை தாங்கா. அவற்றுக்கும் கீழே 200 நனோமீற்றரை நாடிச் செல்வோருக்கே குவாட்சு தவிர்க்க முடியாதது. இவ்வாறு எண்ணிப் பார்த்தால், பத்துக் குவாட்சுக் கலங்கள் வேண்டும் என்று நினைத்த ஆய்வுகூடத்துக்கு இரண்டே போதும் என்பது புலனாகலாம்.

தேவையற்ற இடத்திற் குவாட்சை வாங்குவது பணத்துக்கு மட்டுமே நட்டம். தேவையான இடத்திற் கண்ணாடியை வைப்பதோ உண்மைக்கே நட்டம். 260 நனோமீற்றரில் கண்ணாடிக் கலத்தை வைத்தால் ஒளி கலத்தின் சுவரிலேயே நின்றுவிடும். கருவி அப்பொழுதும் மௌனமாக இராது. உட்சிதறி வந்த சிறிது தவறான ஒளியைக் கொண்டு ஏதேனும் ஓர் எண்ணைக் காட்டியே தீரும். அவ்வெண் குறிப்பேட்டில் ஏறிவிட்டால், அது பிழையென்று அறிவாரில்லை. அதனை நம்பி ஒருவன் மருந்தின் அளவையோ நீரின் தூய்மையையோ முடிவு செய்யவும் கூடும்.

குவாட்சே வேண்டும் என்று தெளிந்தபின், சிக்கனத்துக்கு வேறு வழிகள் உள. முதலாவது, சாதாரண உறிஞ்சல் அளவைக்கு இரு முகங்கள் தெளிவாயிருந்தாற் போதும். மிளிர்வை அளப்போருக்கே நான்கு முகமும் தெளிந்த கலம் வேண்டும். இரண்டாவது, இயற்கைப் பளிங்கிற் செய்த கலம் பொதுவாகச் செயற்கைச் சிலிக்காக் கலத்தைவிட மலிவு. மிகக் குறுகிய அலைநீளங்களுக்குச் செல்லாதோருக்கு அதுவே போதியது. மூன்றாவது, சுவர்கள் எவ்வாறு பொருந்தியுள்ளன என்று கேட்டறிதல் வேண்டும். பசையால் ஒட்டிய கலம் மலிவு. ஆயினும் வன்மையான அமிலமும் கரைப்பானும் பசையைக் கரைத்துவிடும். வெப்பத்தால் ஒன்றாக உருக்கி இணைத்த கலம் நெடுங்காலம் உழைக்கும். அதனால் முதலில் மலிவாயிருந்தது ஈற்றிற் செலவாவதும், செலவாயிருந்தது மலிவாவதும் உண்டு.

ஒத்த இணையாகத் தேர்ந்தெடுத்த கலங்களுக்கு வணிகர் கூடிய விலை கேட்பர். ஒரே கலத்தை முதலில் வெறுங் கரைப்பானுக்கும் பின்னர்க் கரைசலுக்கும் பயன்படுத்தி, இரு முறையும் ஒரே முகம் ஒளியை நோக்குமாறு வைத்தால், அச்செலவு இல்லாமலே பெரும்பாலான வேலைகளை முடிக்கலாம். இரு கலங்கள் தேவையாயின், இரண்டிலும் வடித்த நீரை நிரப்பி, வேண்டிய அலைநீளத்தில் அவற்றின் வேற்றுமையைக் குறித்துக்கொண்டு பின்னர்க் கழித்துவிடலாம்.

மலிவான கலம் உண்மையிற் குவாட்சுதானா என்னும் ஐயத்தையும் கருவியே தீர்த்துவைக்கும். கலத்தில் வடித்த நீரை நிரப்பி, கலமில்லாத வெறும் பாதையுடன் 240 நனோமீற்றரில் ஒப்பிட்டால், குவாட்சுக் கலம் முகங்களிற் பட்டுத் தெறிக்கும் சிறு பகுதி நீங்கலாக ஒளியை விட்டுவிடும். கண்ணாடியோ ஏறக்குறைய முழுவதையும் மறித்துவிடும். பொருளைப் பெற்ற அன்றே இச்சோதனையைச் செய்தல் நன்று.

வாங்கிய பின்னர் விலையைக் காப்பது பராமரிப்பே. தெளிந்த முகங்களை விரலாற் தொடலாகாது; மங்கலான முகங்களையே பிடித்தல் வேண்டும். கம்பித் தூரிகை கீறிவிடும்; வன்மையான காரம் மேற்பரப்பை அரிக்கும்; ஐதரோபுளோரிக்கமிலம் குவாட்சையே கரைத்துவிடும். அளந்து முடிந்தவுடன் கழுவி, மெல்லிய தாளாற் துடைத்து வைக்கப்படும் கலம், மாணவர் பல தலைமுறைக்குப் பயன்படும்.

ஸ்டோக்ஸ் காலத்திற் குவாட்சைத் தேடியோர், தமக்கு வேண்டிய ஒளி எதுவென்று தெளிவாக அறிந்தே தேடினர். சிறிய பாடசாலை ஆய்வுகூடமாயினும் பெரிய மருத்துவமனையாயினும், கலத்தை வாங்க முன் அத்தெளிவைப் பெறுதல் பணமின்றியே கைகூடும். அளக்கவேண்டிய பொருள் எந்த அலைநீளத்தில் ஒளியை உண்கின்றது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வணிகரிடம் செல்பவர், வேண்டாததற்கு மிகுதியாகக் கொடார். வேண்டியதைக் குறைத்தும் வாங்கார்.