பெயர் முந்தியது, பொருள் பிந்தியது: இன்சுலினும் அமினோ அமிலங்களும்

பொருள் முதலில் தோன்றும், பெயர் பின்னர் அமையும் என்றே நாம் பொதுவாகக் கருதுகிறோம். 'இன்சுலின்' என்னும் சொல்லின் வரலாறு இதற்கு மாறானது. 1869-இல் ஜெர்மானியரான பவுல் லாங்கர்ஹான்ஸ் கணையத்தினுள் சிறுசிறு உயிரணுத் திட்டுகளைக் கண்டார். 1893-இல் பிரெஞ்சு அறிஞர் லகேஸ் அவற்றைத் தீவுகள் என அழைத்தார். தீவைக் குறிக்கும் 'இன்சுலா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து 1909-இல் பெல்ஜிய அறிஞர் டி மேயர் அத்தீவுகளின் சுரப்புக்குப் பெயர் படைத்தார். அச்சுரப்பைப் பிரித்தெடுத்து நோயாளிக்குச் செலுத்தும் முயற்சியோ 1921, 1922 ஆகிய ஆண்டுகளில்தான் டொரொண்டோவில் வெற்றி பெற்றது.

பெயரைத் தொடர்ந்து வரையறையும் வந்தது. இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்தால் இன்சுலின் சுரக்கும். அது சர்க்கரையைத் தணிக்கும் என்பதே அவ்வரையறை. அது பிழையன்று, ஆயினும் முழுமையன்று. தமிழில் நாம் வழங்கும் 'சர்க்கரை நோய்' என்னும் சொல்லும் அவ்வொரு பக்கத்தையே காட்டுகிறது.

மறுபக்கத்தை உணர்த்தியவர்கள் நோயுற்ற குழந்தைகளே. காரணம் புலப்படாமல் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, வலிப்புக்கு ஆளான குழந்தைகளுக்கு அக்காலத்தில் புரதம் மிகுந்த உணவு பரிந்துரைக்கப்படுவதுண்டு. புரதம் மெல்லச் சர்க்கரையாக மாறிக் காக்கும் என்பது கருத்து. ஆனால் சில குழந்தைகளுக்கு அவ்வுணவே தீங்காயிற்று. லண்டனில் காக்ரேனும் அவர்தம் உடனுழைப்பாளர்களும் 1956-இல் வெளியிட்ட ஆய்வு, புரதத்தின் கூறாகிய லியூசின் என்னும் அமினோ அமிலமே இவர்களது சர்க்கரையை வீழ்த்துகிறது எனக் காட்டியது.

லியூசின் இன்சுலினைச் சுரக்கச் செய்கிறதா? இதை அறிய இரத்தத்திலுள்ள மிக நுண்ணிய அளவு இன்சுலினை அளந்தாக வேண்டும். நியூயார்க்கில் யாலோ, பெர்சன் இருவரும் 1960-இல் விளக்கமாக வெளியிட்ட கதிரியக்க அளவீட்டு முறை அதற்கு வழிசெய்தது. அம்முறையைக் கையாண்டு, 1966-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிளாய்டு, ஃபஜான்ஸ் குழுவினர் நலமுற்றோரின் இரத்தத்தில் அமினோ அமிலங்களைச் செலுத்திப் பார்த்தனர். இன்சுலின் உயர்ந்தது. தனித்தனியே ஆராய்ந்தபோது ஆர்ஜினின் மிக வலிய தூண்டியாக விளங்கியது.

இத்தூண்டல் நிகழும் முறையையும் நாம் அறிதல் வேண்டும். கணையத் தீவின் பீட்டா உயிரணுவில் குளுக்கோஸ் எரிந்து ஆற்றல் பெருகும்போது பொட்டாசியம் வாயில்கள் மூடுகின்றன. உயிரணுச் சவ்வின் மின்னிலை மாறிக் கால்சியம் உட்புக, இன்சுலின் வெளியேறுகிறது. ஆர்ஜினின் நேர்மின்னூட்டம் உடையது. அது உள்ளே நுழைவதே சவ்வின் மின்னிலையை மாற்றிவிடுகிறது. லியூசினின் வழி வேறு. அது தானும் எரிகிறது. அத்துடன் குளூட்டமேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதியைத் தூண்டிக் குளூட்டமேட்டையும் எரியச் செய்கிறது. ஆற்றல் பெருக, முன்சொன்ன வாயில்கள் மூடுகின்றன.

அவ்வாறாயின், பருப்பும் மீனும் உண்ணும் நமக்குச் சர்க்கரை வீழாதது ஏன்? அதே அமினோ அமிலங்கள் தீவின் ஆல்பா உயிரணுக்களிலிருந்து குளுக்ககானையும் சுரக்கச் செய்கின்றன. இன்சுலின் அமினோ அமிலங்களைத் தசையில் சேர்த்துப் புரதமாக்கத் துணைபுரிய, குளுக்ககான் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளிவரச் செய்து ஈடுகட்டுகிறது.

1998-இல் அமெரிக்காவின் ஸ்டான்லி குழுவினர், லியூசினால் துன்புற்ற குழந்தைகள் சிலரிடம் மேற்கூறிய நொதியின் மரபணுவே மாறியிருப்பதைக் கண்டறிந்தனர். அந்நொதி அளவிறந்து இயங்கியதே அவர்களது இன்னலுக்குக் காரணம். பொட்டாசியம் வாயில்களைத் திறந்துவைக்கும் டயசாக்சைடு என்னும் மருந்து இத்தகைய குழந்தைகளுக்கு இன்று பயன்படுகிறது.

இன்சுலினே 51 அமினோ அமிலங்களின் கோவை என்பதை ஃபிரெட்ரிக் சாங்கர் 1955-இல் நிறுவியிருந்தார். எனினும் அதனைச் சர்க்கரையோடு மட்டுமே இணைத்த வரையறை, சில குழந்தைகளுக்குத் தவறான உணவை மருந்தாக்கியது. கலைச்சொல்லைக் கற்பிக்கும் நாம், அதன் வரையறை எவ்வாண்டின் அறிவில் நிற்கிறது என்பதையும் மாணவர்க்கு உடன் உரைத்தல் வேண்டும்.