பாற்புரதமும் பெண்ணுடலும்: அறிவின் மொழி பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

விஞ்ஞான வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக மட்டும் காண்பது போதாது. அறிவு எவர் கையில், எம்மொழியில், எவருக்குப் பயன்படுகின்றது என்பதும் அவ்வரலாற்றின் பகுதியேயாகும். மார்பக இழையத்திற் பாற்புரதத்தைத் தேடிய முயற்சியை இந்நோக்கிற் காண்போம்.

கேசீன், அல்பா-லக்டல்புமின் என்பன பாலூட்டும் தாயின் மார்பகக் கலங்கள் ஆக்கும் புரதங்கள். புற்றுநோய்க்குட்பட்ட பின்னரும் கலம் தன் பழைய தொழிலைக் கைவிடாதிருப்பின், இப்புரதங்கள் அதனைக் காட்டிக்கொடுக்கும் என 1970களில் ஆய்வாளர் எதிர்பார்த்தனர். கருவி ஏற்கெனவே இருந்தது. 1940களின் தொடக்கத்தில் அல்பேட் கூன்ஸ் பிறபொருளெதிரியோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்தார்; 1966இல் நக்கானேயும் பியேர்ஸும் சாயத்தின் இடத்தில் நொதியத்தை வைத்தனர். மெல்லிய இழைய வெட்டொன்றிற் புரதம் இருக்குமிடம் சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே புலனாயிற்று. ஆயினும், ஆய்வுக்கு ஆய்வு முடிவுகள் முரண்பட்டன. பாற்புரதம் நம்பத்தக்க நோய்க்குறியாக நிலைபெறவில்லை. நிலைத்தது முறையே. ஈஸ்ரஜன் வாங்கியும் ஹேர்-2 புரதமும் இன்று அம்முறையினாலேயே கண்டறியப்பட்டுச் சிகிச்சை தீர்மானிக்கப்படுகின்றது.

இத்தகைய அறிவு தமிழுக்கு அந்நியமானதன்று. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1857இல் பிரசவ வைத்திய நூலையும் 1872இல் கிரேயின் உடற்கூற்று நூலையும் தமிழில் வெளியிட்டார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். மிஷனின் மத நோக்கம் மறுக்கற்பாலதன்று. எனினும் தாய்மொழிவழி மருத்துவர் உருவாயினர். காலனித்துவ உத்தியோக அமைப்பு ஆங்கிலத்தை மூலதனமாக்கியபோது அம்மரபு அறுந்தது. மருத்துவ அறிவு ஒரு சிறு வர்க்கத்தின் உடைமையாயிற்று. நிலப்பிரபுத்துவ ஒழுக்கம் விதித்த கூச்சமும் சேர, மார்பிற் கட்டி கண்ட பெண் அதனை மறைப்பவளானாள்.

1950இல் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலையினால் தொழிலாள வர்க்கமொன்று உருவான காங்கேசன்துறை, 1990இல் போரினால் மக்களற்றதாயிற்று. அக்காலத்தில் வடபுலத்து நோயாளர் பலர் மகரகமை வரை செல்ல வேண்டியவராயினர். 2011இல் தெவுந்தரையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டப்பட்ட பொதுமக்கள் நிதி, காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள தெல்லிப்பழையில் 2013இற் புற்றுநோய் வைத்தியசாலையாயிற்று. தூரம் குறைந்தது; மொழித்தடை குறையவில்லை. இழையம் நுணுக்குக்காட்டியின் கீழ் வருமுன் ஒரு பெண் வாய்திறந்து பேச வேண்டும். முடிவு வந்தபின் அதனை அவள் வாசித்தறிய வேண்டும். நோயியல் அறிக்கையைத் தமிழில் எழுதுவது மொழிப்பற்றின் பாற்பட்டதன்று. அது உயிர் வாழும் உரிமையின் பாற்பட்டது என்பதே நம் துணிபு.