ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியின் தூய தொடக்கம்
ஈமாக்ஸ் 1976இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், டெக்கோ என்ற பழைய உரைத்தொகுப்பிக்கான மேக்ரோக்களின் தொகுப்பாகத் தோன்றியது. 1985இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட குனூ ஈமாக்ஸில் பயனர்கள் லிஸ்ப் மொழியில் நீட்சிகளை எழுதிச் சேர்க்க முடிந்தது. இந்தச் சுதந்திரம் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது: வழு தொகுப்பியுடையதா, நீட்சியுடையதா என்று பிரித்தறிவது கடினமாயிற்று.

சிற்றெழுத்து 'கியூ' என்னும் கட்டளை வரித் தெரிவு, பயனரின் தொடக்கக் கோப்பைத் தவிர்த்தது. ஆனால் கணினியின் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான தொடக்கக் கோப்பு அப்போதும் இயங்கியது. 2007இல் வெளியான 22ஆம் பதிப்பில் வந்த பேரெழுத்து 'கியூ' தெரிவு அதையும் விலக்கியது. அதனுடன் 'எல்' தெரிவைச் சேர்த்தால், வேண்டிய நீட்சியை மட்டும் ஏற்றலாம். நீட்சி எதுவும் ஏற்றாதபோதும் வழு தோன்றினால் அது தொகுப்பியுடையது. ஏற்றிய பின்னரே தோன்றினால் ஐயம் நீட்சியின் மீது விழும். வழு அறிக்கை அனுப்புவோர் முதலில் இவ்வாறு சோதிக்குமாறு ஈமாக்ஸ் கையேடு கேட்டுக்கொள்கிறது.