வன்னியில் ஒரு கயிற்றின் வரலாறு

1994 மாசி மாதம். செய்தித்துறைக்கு வந்த புதிதில் வன்னிக்குச் சென்றிருந்தேன். அரிவு வெட்டிக்கொண்டிருந்த ஒருவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி இருவர் உருட்டி வந்தனர். தமிழகத்தார் கண்ணாடி விரியன் என்னும் கண்ணாடிப் புடையன் தீண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே இறுகியிருந்த நைலோன் கயிற்றின் கீழ்ப் பாதம் கறுத்துக் கிடந்தது. உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. காலைப் பறித்தது பாம்பா, கயிறா என்ற கேள்வி இன்றும் என்னுடன் இருக்கிறது.

கட்டுப்போடுதலைப் பாமரர் அறியாமை என ஒதுக்குதல் தகாது. இந்தியப் பாம்புகள் பற்றி 1872இல் நூலெழுதிய ஜோசப் பேரர் என்ற ஆங்கில மருத்துவரும் கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டச் சொன்னவரே. அன்று வேறு மருந்து இருக்கவில்லை. 1894இல் பிரெஞ்சு மருத்துவர் கல்மெத் நச்சுமுறி ஊநீரை அறிவித்த பின்னரே, ஊசி கிடைக்குமிடத்தில் கயிறு தேவையற்றதாயிற்று.

வன்னியின் சிக்கல், ஊசி கிடைக்குமிடம் தொலைவிலிருந்தமையே. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதோடு ஏ9 வீதி மூடுண்டது. 2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. எரிபொருளுக்குத் தடை, மருந்துக்குக் கட்டுப்பாடு. வழி நீள நீள, கயிறு இறுகியிருந்த நேரமும் நீண்டது. குருதியோட்டம் நின்ற கால் அழுகியது.

இத்தனைக்கும் சிகிச்சையின் முதற்படி மிக எளியது. நோயாளியின் குருதியைச் சிறிது சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காது 20 நிமிடம் வைப்பர். உறையாவிடின் புடையன் நஞ்சு உடலெங்கும் பரவிவிட்டதென்று கொண்டு, ஊநீரை நாளத்தினூடாக ஏற்றுவர். ஆய்வுகூடமில்லாத ஆஸ்பத்திரியிலும் இது இயலும். உலர்தூளாக வரும் இந்திய ஊநீருக்குக் குளிரூட்டி கட்டாயமில்லை.

வாசகர்கள் மனங்கொள்ள வேண்டியவை இவை: மோதிரம், கொலுசு, காப்பைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தாற்போல் மட்டை வைத்து அவயவத்தை அசையாது தாங்குங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். யாரேனும் ஏற்கெனவே கட்டியிருப்பின் வழியில் அவிழ்க்காதீர்கள். தேங்கிய நஞ்சு திடீரெனப் பாயலாம். அதனை அவிழ்ப்பது, ஊநீரோடு ஆயத்தமாக நிற்கும் வைத்தியரின் வேலை.

2009இல் போர் முடிந்தது. ஏ9 இன்று திறந்தே இருக்கிறது. ஆனால் தொலைவு கற்பித்த கயிறு பலர் கையை விட்டு இன்னும் போகவில்லை. வீதியைத் திறந்தாற் போதாது; அந்த முடிச்சும் அவிழ வேண்டும்.