சம்பா கோயில் சுவரும் ஞாயிறு மதியச் சாப்பாடும்

புதுச்சேரிக் கிறிஸ்தவக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை என்றதும் பலர் மனத்தில் ஒரே சித்திரம்தான் எழும். காலையில் பூசை, மதியம் உறவுக்காரர்கள் நிறைந்த வீட்டில் சாப்பாடு, வெயில் தாழ்ந்ததும் கடற்கரை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற பழக்கம் இது என்று விளக்கமும் சொல்லிவிடுவார்கள். அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த நாளுக்கு இப்படி ஒரு வடிவம் வந்ததில், யார் யாரோடு உட்காரலாம், யார் கையால் சாப்பிடலாம் என்று தமிழர்கள் தங்களுக்குள் போட்ட வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. கோயிலுக்குள் நின்ற சுவர் விழுந்தது. அந்தச் சுவர் காத்த ஏற்பாடோ சாப்பாட்டுப் பந்தியில் பத்திரமாக இருந்தது.

சாட்சி, அன்று புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. 1745 அக்டோபரில் நடந்ததை அவர் எழுதிவைத்திருக்கிறார். இன்று மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா பேராலயம் நிற்கும் இடத்தில் அன்று சேசு சபையாரின் சம்பா கோயில் இருந்தது. அதனுள் வடபுறத்தில் ஒரு சுவர் உண்டு. பறையர் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், சாதிக் கிறிஸ்தவர்கள் மறுபக்கம். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் இதைக் கண்டு பறையர் கிறிஸ்தவர்களுக்குத் துணிவூட்ட, அவர்கள் பெரிய குருவிடம் போய், நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் தனி இடம் என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. பிரச்சினை அத்தோடு தீரவில்லை. மெல்லிய துணி உடுத்தி, வாசனை பூசிக்கொண்டு பூசைக்கு வந்த மேல்சாதிப் பெண்ணைக் குரு கண்டித்தார், அந்தப் பெண்ணின் ஆட்கள் குருவோடு சண்டைக்கு நின்றார்கள், விவகாரம் ஆளுநர் தூப்ளேக்ஸ் வரை போனது. ஞாயிறு என்பது அன்று ஊரின் வரிசை முறை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி அரங்கேறும் நாள். உடுப்பும் உட்காரும் இடமும் அந்த வரிசையை உரக்கச் சொல்லின.

ஒன்றரை மாதத்துக்குள் இன்னொரு காட்சி. நவம்பர் 30, அந்திரேயர் திருநாள். பிரெஞ்சு வணிகக் கும்பினியின் தலைமைத் துபாஷும் (மொழிபெயர்ப்பாளர், தரகர்) பற்று மிகுந்த கத்தோலிக்கருமான கனகராய முதலி உழவர்கரையில் தாம் கட்டிய கோயிலுக்காகப் பெரிய விருந்து வைத்தார். பிராமணர், வேளாளர், கோமுட்டி, செட்டி, நெசவாளர், ஐரோப்பியர், கிறிஸ்தவர் என்று எல்லாருக்கும் அழைப்பு. பிராமணச் சமையற்காரர்கள் சத்திரங்களிலும் தோட்டங்களிலும் சமைத்தார்கள். வேளாளருக்கு அகமுடையார் வீடுகளில் சமையல். ஐரோப்பியருக்குப் புதுச்சேரியிலிருந்து சாப்பாடு வந்தது, மேசை போடப்பட்டது. தூப்ளேக்ஸ் மனைவியோடு வந்து உண்டார். ஒரு கிறிஸ்தவர் கிறிஸ்தவக் கோயிலுக்காக வைத்த விருந்தில் ஒவ்வொரு சாதியின் ஆசாரமும் பிசகாமல் காக்கப்பட்டது. இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பூசையில் எல்லாரும் ஒன்றாக நிற்க வேண்டும் என்று குரு கட்டளையிடலாம். அடுப்பங்கரைக்குள் அவருடைய கட்டளை நுழையாது.

ஆனந்தரங்கப் பிள்ளை இந்து, கனகராய முதலிக்குப் போட்டியாளர், 1746-இல் முதலி இறந்தபின் அதே பதவிக்கு வந்தவர். அவர் எழுதியதை எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சுவரை இடித்தவர்கள் மேல் அவருக்குத் தனிப் பரிவு எதுவும் கிடையாது. சாதி ஒழுங்கை இயல்பாக ஏற்றுக்கொண்டவர், அந்த ஒழுங்கு குலைந்ததை எழுதும்போது இல்லாத சுவரைக் கற்பித்துச் சொல்ல அவசியம் இல்லை. திருச்சபையின் ஆவணங்களும் இதே பக்கம்தான் பேசுகின்றன. பாப்பரசரின் தூதராக வந்த துர்னோன் 1704 ஜூன் 23 என்று தேதியிட்டு இதே புதுச்சேரியில் வெளியிட்ட ஆணையில், நோயுற்ற பறையர் கிறிஸ்தவர்களின் வீடுகளுக்குக் குருக்கள் போக மறுக்கக் கூடாது என்று ஒரு கட்டளை இருந்தது. மறுப்பு வழக்கமாக இருந்த இடத்தில்தான் அப்படி ஒரு கட்டளை தேவைப்படும். உள்ளூர் வழக்கங்களைக் கிறிஸ்தவர்கள் கடைப்பிடிக்கலாமா என்று அந்த ஆணை கிளப்பிய மலபார் சடங்குச் சர்ச்சை 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசரின் ஆணையோடு முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு சம்பா கோயில் சுவர் விழுந்தது.

இனி, இது பிரெஞ்சுப் பழக்கம் என்ற வாதத்துக்கு வருவோம். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். ஐரோப்பியரின் ஆன்மப் பொறுப்பு கப்புச்சின் சபையாரிடம், தமிழரின் பொறுப்பு சேசு சபையாரிடம். கப்புச்சின் சபையாரின் கோயில்தான் மக்கள் வாயில் பெயர் தேய்ந்து கப்ஸ் கோயில் ஆனது. ஊரும் கோயிலும் இப்படித் தனித்தனியாக இருக்க, ஒரு தமிழ்க் குடும்பம் வெள்ளைக்காரக் குடும்பத்தின் ஞாயிற்றைக் கண்ணால் பார்த்துப் பழகியிருக்கக்கூடிய இடங்கள் குறைவு. பிரான்சிலேயே 1814-இல் வந்த ஞாயிறு ஓய்வுச் சட்டம் 1880-இல் நீக்கப்பட்டது. வார ஓய்வு 1906-இல்தான் மீண்டும் சட்டமானது. புதுச்சேரித் தமிழரோ அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே ஞாயிறு பூசையில் தங்கள் இடத்துக்காக மல்லுக்கு நின்றவர்கள்.

பிரெஞ்சு ஆட்சியின் தாக்கம் வேறு வழியில் வந்தது, அதை மறுக்க மாட்டேன். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் மரபு வழிச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வருபவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள், அதிலும் தாழ்த்தப்பட்ட குலங்களிலிருந்து வந்தவர்கள் கணிசமானோர். சாதியைச் சொல்லாத ஒரு பெயர் அவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இன்று நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். பிரெஞ்சு இந்தோசீனாவில் படையிலும் காவலிலும் அலுவலகங்களிலும் அவர்களுக்கு வேலை கிடைத்தது. ஆண்கள் சைகோனில், வீட்டார் புதுச்சேரியில். பிறகு 1954-இல் ஊர் இந்தியாவிடம் கைமாறி, 1962-இல் அதற்கான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் பிள்ளைகள் பிரான்சுக்குப் போனார்கள். இப்படி மூன்று தலைமுறையாகச் சிதறிய வீடுகளில், இருப்பவர்களாவது வாரம் ஒருமுறை ஒரே பந்தியில் உட்காருவது தனி அழுத்தம் பெற்றது. அந்த மதியத்தில் பாசம் இருக்கிறது. அதைச் சாதி என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடுவது அநியாயம்.

உலகம் முழுக்க உறவோடுதான் உறவு சாப்பிடுகிறது, இதில் குற்றம் காண்பது ஏன் என்று கேட்டால், என் பதில் இதுதான்: நம் ஊரில் உறவு என்பது கல்யாணத்தால் வருவது, கல்யாணம் பெரும்பாலும் சாதிக்குள் முடிவது. பூசையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே அப்பத்தை வாங்கிய இரண்டு குடும்பங்கள் கோயில் வாசலில் பிரிந்து அவரவர் உறவுக்குள் போய்ச் சாப்பிடும்போது, பாசமும் பிரிவினையும் ஒரே இலையில் பரிமாறப்படுகின்றன. யாரையும் யாரும் விலக்க வேண்டிய அவசியமே அங்கே எழுவதில்லை, ஏனென்றால் யாரும் கூப்பிடப்படவில்லை. சுவர் இருந்தால் அதை இடிக்கச் சொல்லி ஒருவர் குருவிடம் போகலாம். வராத அழைப்பைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது?

பழைய கதை என்று இதைத் தள்ளவும் வழியில்லை. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அங்கே வன்முறை வெடித்து, காவல்துறை சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். 1745-இல் சுவரை இடி என்று கேட்டவர்களின் வழியில் வந்தவர்கள், 2008-இல் எங்களைத் தனியே விடு என்று கேட்க நேர்ந்தது. ஒரே கூரைக்குள் கூட்டிவைத்தது மட்டும் அவர்களுக்குச் சமமான இடத்தைத் தரவில்லை.

புதுச்சேரி நகரத்தின் ஞாயிறு மாலை இதிலிருந்து சற்று விலகி நிற்கிறது. காந்தி வீதியின் ஞாயிறு சந்தையிலும், இரவில் வண்டிகள் ஓடத் தடை உள்ள கடற்கரைச் சாலையிலும் யாருக்கும் ஒதுக்கிய வரிசை கிடையாது. அங்கே குருவின் கட்டளையும் இல்லை, வீட்டுப் பெரியவரின் பந்தியும் இல்லை. காலையில் சம்பா கோயிலுக்கும் கப்ஸ் கோயிலுக்கும் இரயில் நிலையத்தருகே திருஇருதய ஆண்டவர் கோயிலுக்கும் பிரிந்து போனவர்கள், மதியம் அவரவர் வீடுகளுக்குள் அடைந்தவர்கள், இருட்டும் நேரத்தில் காற்று வாங்க ஒரே மதில்மேல் நெருக்கியடித்து உட்காருகிறார்கள்.